தாலுகா ஆபீஸ் வாசலில் அடிப்படை உரிமைகள்

மனு டைப் அடிக்கிற தொழிலில் வேகம் மூன்று மாதத்தில் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்வதில் எதை விட்டுவிடுவது என்று தெரியத்தான் வருஷக்கணக்கில் ஆகும். எனக்கு அது கொஞ்சம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். ஊரார் குறைகளைத் தன் விரலால் அடித்துக் கொடுத்த சக பாவிகள் யாராவது இதைப் படித்தால், சிரித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மன்னித்தும் விடுங்கள்.

நான் பிறந்தது தரங்கம்பாடியில். கல்யாணத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஹைகோர்ட்டுக்குப் போகிற ரிட் மனுக்களை அவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி சொல்வார், நான் அடிப்பேன். பதினான்கு என்றால் சமத்துவம், பதினேழு என்றால் தீண்டாமை ஒழிப்பு, இருபத்தொன்று என்றால் உயிரும் தனிமனித சுதந்திரமும் என்று அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகள் எனக்கு மனப்பாடம் ஆனது அப்படித்தான். கல்யாணமாகி டெல்டாவின் கீழ்க்கோடிக்கு வந்த பிறகு, ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் வாகை மரத்தடியில் மேஜை போட்டேன். தமிழுக்கு ஒரு மெஷின், இங்கிலீஷுக்கு ஒரு மெஷின். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறுகள் அது. மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வீட்டுக்கு ஒருவர் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம்.

சுகாதாரக் குறைவு

மேஜை போட்ட முதல் வருஷம். கலியமூர்த்தி என்று ஒருவர் வந்தார், விவசாயக் கூலி. அவருடைய மருமகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவன், பொங்கலுக்கு வந்திருக்கிறான். ஊர் டீக்கடையில் இவர்கள் தெருக்காரர்களுக்கென்று தனியாக ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் கிளாஸில் அவனுக்கு டீ கொடுத்திருக்கிறார்கள். அவன் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம். மகளும் கூடவே போய்விட்டாள். "நடந்தது நடந்தபடியே எழுதுங்க" என்றார் கலியமூர்த்தி.

எனக்குப் பதினேழு தெரியும். அதை மீறினால் ஜெயில் என்றும் தெரியும். ஆனால் டீக்கடைக்காரர் பஞ்சாயத்துத் தலைவருக்குப் பங்காளி. இந்த மனு போலீசுக்குப் போனால் அடுத்த நடவுக்கு இவர் தெருவில் ஒருவரையும் வயலில் இறக்க மாட்டார்கள் என்று பயந்தேன். பயந்தது அவருக்காக என்றுதான் அப்போது நினைத்தேன். "சாதியை எழுத வேண்டாம். கடையில் கிளாஸ் சுத்தமில்லை, சுகாதாரக் குறைவுன்னு போடுவோம், தானா சரியாயிடும்" என்றேன். அவர் படித்தவள் சொல்கிறேன் என்று கைநாட்டு வைத்தார்.

ஆச்சரியம், அந்த மனு வேலை செய்தது. சுகாதார ஆய்வாளர் நேரிலேயே போய்க் கடைக்காரரைக் கண்டித்திருக்கிறார். கடைக்காரரும் பழைய கிளாஸையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக இரண்டு செட் வாங்கியிருக்கிறார். ஒன்று கோடு போட்டது, ஒன்று கோடு போடாதது. அடுத்த மாதம் வேறு வேலையாக ஆபீசுக்கு வந்த கலியமூர்த்தி என் மேஜை முன்னால் நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்:

"இப்ப ரெண்டு கிளாஸும் சுத்தமா இருக்கும்மா."

வாப்பா கையெழுத்து

முத்துப்பேட்டைப் பக்கமிருந்து வந்தவள் நூர்ஜஹான். நர்ஸ் படிப்பு முடித்தவள், இருபத்து நாலு வயது. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகியிருந்தது. இத்தனை நாளைக்குள் பாஸ்போர்ட் நம்பர் அனுப்ப வேண்டும் என்று கெடு. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், கல்யாணமாகாத பெண் வெளிநாடு போக அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒரு விதியே கிடையாது. வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்ததுதான் என்று வக்கீல் சொல்லச் சொல்ல நானே பத்து முறையாவது அடித்திருப்பேன்.

அவள் நேராக என்னைக் கேட்டாள்: "அக்கா, சட்டத்துல அப்படி இருக்கா?" இல்லை என்றேன். "அப்ப இல்லைன்னு எழுதிக் கொடுக்கலாமா?" என்றாள். எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் விசாரணைக்காரரை எதிர்த்து எழுதினால் ஃபைல் எங்காவது அடியில் போய்விடும், ஒரு கையெழுத்துதானே, வாங்கிப் போட்டுவிட்டால் சண்டையில்லாமல் முடியும் என்று சொல்லி சம்மதக் கடிதத்தை அழகாக அடித்துக் கொடுத்தேன். அவளுடைய வாப்பா சவூதியில் பாலைவனத்துக்குள் ரோடு போடும் கம்பெனியில் டிரைவர். கடிதம் போய், அவர் கேம்ப் மாறி, கடிதம் அவரைத் தேடிப் போய், அவர் கையெழுத்துப் போட்டு, ஊருக்கு வருகிற யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். கையெழுத்துக்குக் கீழே மகளுக்கென்று நாலு வரி துஆ எழுதி வாழ்த்தியிருந்தார். பார்த்ததும் நான் சந்தோஷமாக, அனுப்பிவிடலாமே என்றேன்.

"வாப்பா கையெழுத்து வந்துருச்சுக்கா, வேலைதான் போயிருச்சு."

ஜன்னலுக்கு வெளியே

இது எங்கள் சர்ச்சிலேயே நடந்தது. அந்தோணி என்று நாங்கள் கூப்பிடுகிறவர், கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடுவார். பள்ளிக்கூடச் சான்றிதழில் அவர் பெயர் முருகையன். மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். தாழ்த்தப்பட்டவர் என்ற சான்றிதழ் இருந்தால் காலேஜில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்கும். ஆனால் கிறிஸ்தவர் என்றால் அந்தச் சான்றிதழ் கிடையாது. சாதி சர்ச்சுக்குள்ளேயும் கூடவே வருகிறது என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், சட்டம் மட்டும் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது என்று நம்புகிறது.

தனக்கும் தன் குடும்பத்துக்கும் கிறிஸ்தவ மதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, எந்தச் சர்ச்சுக்கும் போவதில்லை என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றார். எந்த மதத்தையும் பின்பற்றலாம் என்று சொல்கிற இருபத்தைந்தையும் நான் அடித்திருக்கிறேன். அதே விரலால் இதையும் அடித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார், நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது பெஞ்சில் அவரைக் காணவில்லை. கோபமோ வெட்கமோ என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஆராதனை நடுவில் குழந்தை அழுகிறது என்று வெளியே வந்தபோது பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்று, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளே வாங்களேன், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவர் பயந்தது தனக்காக இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"நான் உள்ளே வந்தா நீங்க அடிச்சது பொய்யாயிடும்மா, உங்களுக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

ஒருநாள் முன்னதாக

வெளியூர்க் கம்பெனிகள் வந்து கடலோர வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டிய சமயம். ஒரு குடியானத் தெருவுக்கு வெளியே இருந்த குடிசைக்காரர்கள், தலைமுறை தலைமுறையாகச் சுடுகாட்டுக்குப் போக வரப்பு வழியைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த வரப்பும் சேர்ந்து விலைபோனது. கம்பெனி சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரு இரும்பு கேட்டும் வைத்துப் பூட்டிவிட்டது. முதல் சாவுக்குப் பாடையைத் தூக்கிக்கொண்டு வடிகால் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

அந்தக் குடிசைக்காரர்களுக்கு விவசாயத் தொழிலாளர் சங்கத்தைப் பார்த்துக்கொண்டவர் தங்கராசு. முப்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். இந்த முறை நான் எதையும் விடவில்லை. கண்ணியத்தோடு வாழும் உரிமை செத்த பிறகும் உண்டு என்று ஒரு வரி நானாகவே சேர்த்தேன். அவரைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். மனு கலெக்டர் வரை போனது. தாசில்தார் கம்பெனிக்காரர்களையும் இவர்களையும் உட்கார வைத்துப் பேசினார். கேட்டைத் திறந்துவிடச் சம்மதம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது.

கையெழுத்தான காகிதத்தின் நகலைத் தங்கராசு என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தார். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பில் வாங்கிப் படித்தேன். காவலாளியிடம் சாவி இருக்காதாம், மேனேஜரிடம்தான் இருக்குமாம். அதனால் கேட் திறக்க வேண்டுமானால் ஒருநாள் முன்னதாக எழுத்து மூலம் தகவல் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்:

"நாளைக்கு யாரு சாவாங்கன்னு இன்னைக்கே எப்படி மனு எழுதுவீங்க?"

காலை ஆறு மணி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் குடிசைகளில் இன்னொரு சாவு. கேட் திறக்கவில்லை. தங்கராசுவும் ஆட்களும் பாடையைக் கேட் முன்னால் இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்கு மேல் கேட் திறந்தது, அடக்கமும் முடிந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் போலீஸ் வந்து தங்கராசுவை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. பத்து மணிக்கு அவர் மனைவி செல்வி என் மேஜைக்கு வந்தாள். ஸ்டேஷனில் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்களாம். செருப்பில்லாமல் நாலு மைல் நடந்து வந்திருந்தாள். உட்கார் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிடித்த இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் தந்தி அடிக்க வேண்டும். இன்னாரை இன்ன நேரத்தில் பிடித்துப் போனார்கள் என்று மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் ஒரு தந்தி. வாசகம் முக்கியமில்லை, தந்தி ஆபீஸ் போடுகிற நேரம்தான் முக்கியம், பின்னால் கோர்ட்டில் அதுதான் சாட்சி என்று என் வக்கீல் சொல்லிச் சொல்லி என் தலையில் ஏற்றியிருந்தார். தந்தி ஆபீஸ் என் மேஜையிலிருந்து ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும்.

ஸ்டேஷன் டைப்ரைட்டர் அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது. அவர்களுடைய காகிதமெல்லாம் என் மேஜைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். தந்தி வாசகத்தை யார் எழுதியது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. செல்வியிடம், அவசரப்பட்டால் அவரை அடித்துவிடுவார்கள், திங்கட்கிழமை வக்கீல் வரட்டும், கேட்டுச் செய்யலாம் என்றேன். அவள் சரி என்றாள். சாயங்காலம் நான் மெஷினை மூடும் வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள், ரோட்டையே பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வந்தவர் ஸ்டேஷன் ரைட்டர். கையில், கோர்ட்டுக்குப் போகிற காகிதத்துக்குக் கையால் எழுதிய வரைவு. தங்கராசு என்கிற நபர் இன்று காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றபோது கைது செய்யப்பட்டார் என்று எழுதியிருந்தது. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ரைட்டர் நல்ல மனிதர்தான், என் மகனுக்கு ஸ்கூல் சீட் விஷயத்தில் உதவியவர். "நேரத்தை மட்டும் மாத்திராதீங்கம்மா, மத்த தமிழெல்லாம் உங்க இஷ்டம்" என்றார். ஆறு மணி என்று அடித்தேன். ஒற்றுப்பிழைகூடத் திருத்திக் கொடுத்தேன்.

கோர்ட்டில் தங்கராசுவின் வக்கீல், சனிக்கிழமையே பிடித்தார்கள் என்று சொன்னாராம். தந்தி ஏதாவது உண்டா, காகிதம் ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் ஜாமீனில் வந்தார். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை, நாற்றுக் கட்டைப் பிடிக்க முடியாது. அடுத்த வருஷம் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். போவதற்கு முன்னால் செல்வி என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தாள், ஒரு மஞ்சள் பையில் பரங்கிக்காயோடு. அந்தக் காகிதத்தை அடித்தது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உக்காருன்னு சொன்னது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தங்கதாங்க்கா."

எங்கள் மனு

கடைசியாக எங்கள் முறை வந்தது. தாலுகா ஆபீஸ் முகப்பை அழகுபடுத்தப்போகிறார்கள், மரத்தடியில் இருக்கும் நாலு மேஜையையும் மூன்று நாளில் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. என்னைத் தவிர மூன்று பேர். அவர்களில் மூத்தவர் காதர் பாய், பத்திரம் எழுதுகிறவர். சட்டம் தெரிந்தவள் நான்தான் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். விரும்பிய தொழில் செய்ய உரிமை, அது பத்தொன்பது. மாற்று இடம் தராமல் பிழைப்பைப் பறிக்கக் கூடாது, அது இருபத்தொன்று. இதற்கெல்லாம் நான் யோசிக்கவே வேண்டாம்.

ஆனாலும் அன்றைக்கு மூன்று தாள் கிழித்தேன். அடுத்தவர் குறையை எழுதும்போது சொல்லத் தெரிந்ததெல்லாம் என் குறைக்கு வரவில்லை. தாசில்தாருக்குக் கோபம் வருமோ என்று ஒரு வரியை எடுத்தேன், இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பாரோ என்று இன்னொன்றை எடுத்தேன். இப்படித்தானே எத்தனை பேர் வரிகளை எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கடைசியில் மிச்சம் இருந்தது ஒரு பக்கம். அதை வைத்து ஆபீஸ் பின்பக்கத்தில், கழிப்பறைச் சுவரையொட்டி இடம் கொடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தால் முன்பக்கத்திலேயே ஓரமாகக் கொடுத்திருப்பார்கள் என்று பிற்பாடு அந்த ஆபீஸ் கிளார்க்கே சொன்னார். அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் காதர் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுசும் படித்தார். பிறகு முதல் வரிக்கே திரும்பிப் போய்ச் சொன்னார்:

"நம்ம உரிமைங்கிறீங்க, ஆனா எடுத்ததுமே ‘மிகவும் தாழ்மையுடன்’னு போட்டுருக்கீங்களேம்மா."

இத்தனை வருஷத்தில் நான் அடித்த மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தத் தாலுகா ஆபீஸ் கூரையைத் தொடும், ஆனால் அதில் ஒன்றிலாவது ‘கேட்கிறேன்’ என்று முடித்திருக்கிறேனா என்று தேடினால், எல்லாவற்றிலும் ‘வேண்டுகிறேன்’ என்று பிழையில்லாமல் அடித்திருப்பேன்.